தம் தாளை அறியாத பிள்ளைகள்

அந்தப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்ததைப் பெரிய நல்வாய்ப்பு என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ரயில்வே அலுவலகத்தில் இருந்த என் கணவர், "உனக்கென்ன, தொண்டை வலிக்காத உத்தியோகம்" என்பார். என் மாமியார் ஒருமுறை உறவுக்காரப் பிள்ளையைச் சேர்ப்பதற்காக உள்ளே வந்து பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளை கத்தல, ஒரு பிள்ளை ஓடல, பெருமாள் சந்நிதி மாதிரி இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த அமைதிக்கு நானும் முதல் ஆண்டில் நன்றியோடுதான் இருந்தேன்.

சென்ற மாதம் என்னிடம் முன்பு படித்து, இப்போது தானே தமிழாசிரியையாக இருக்கும் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். "மிஸ், எங்க ஸ்கூல்ல டேப்லெட் வந்ததும் கையெழுத்து பீரியடையே எடுத்துட்டாங்க. ஸ்டாஃப் ரூம்ல ஒரே சண்டை. நீங்க கையெழுத்துக்குப் பேர்போன இடத்துல இருந்தீங்களாமே, அதைப் பத்தி எழுதிக் கொடுங்களேன்" என்றாள். கையெழுத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தது வேறாக இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழில் பட்டம் பெற்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்தேன். செங்கல்பட்டிலும் கூடுவாஞ்சேரியிலும் பிரசவ விடுப்பில் போன ஆசிரியைகளின் நாற்காலிகளில் சில ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தேன். பிறகுதான், இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டியிருந்த அந்தத் தனியார் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன்.

பள்ளியின் தாளாளரை நாங்கள் எல்லோரும் சார் என்றே அழைத்தோம். அவரைப் போல மென்மையான மனிதரை நான் பணியில் வேறெங்கும் கண்டதில்லை. வகுப்புக்குள் வரும்போது செருப்பை வெளியே கழற்றி வைப்பார். ஒரு குழந்தை அவர் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். வளாகத்தில் பிரம்பு என்ற பொருளே கிடையாது. மதியம் எல்லோருக்கும் பள்ளியிலேயே எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ தருவார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரக் கூடாது. யார் வீட்டில் மட்டன், யார் வீட்டில் பழையது என்று மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அதே சாதத்தை அவரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து சாப்பிடுவார்.

பரிசு கிடையாது, முதல் இடம், கடைசி இடம் கிடையாது. கேள்வி கேட்டால் ஒரு கை தனியாக உயரக் கூடாது. தெரிந்தவன் பக்கத்திலிருப்பவனுக்குக் காத்திருக்க வேண்டும். இருவரும் அடுத்தவருக்குக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் காத்திருப்பு தேவைப்படாமல் போயிற்று. கேள்வி முடிந்ததும் வகுப்பின் எல்லாக் கைகளும் ஒரே மூச்சில் மேலெழும். ஒரே குரலில் விடை வரும். அந்தக் குரல் எந்த வாயிலிருந்து தொடங்கியது என்று நான் எத்தனையோ நாள் உற்றுக் கேட்டிருக்கிறேன். கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கையெழுத்துக்குத்தான் முதல் பாடவேளை. எல்லோருக்கும் பள்ளி தரும் ஒரே பேனா. இடப்பக்க ஓரம் கட்டை விரல் அகலம். தலைப்பு கறுப்பு மையில், கீழே ஒற்றைக் கோடு. ககரத்தின் தலை மேற்கோட்டைத் தொட வேண்டும், முட்டக் கூடாது. ழகரத்தின் வால் கீழ்க்கோட்டைத் தாண்டக் கூடாது. முன்மாதிரி எழுத்து அச்சடித்த டிரேசிங் தாள் ஒன்று ஒவ்வோர் ஆசிரியையிடமும் இருக்கும். அதைப் பிள்ளையின் எழுத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். கீழிருக்கும் எழுத்து வெளியே தெரிந்தால் மறுபடி எழுதச் சொல்வோம். இடக்கைப் பிள்ளைகள் ஒரு பருவத்துக்குள் வலக்கைக்கு மாறிவிடுவார்கள். யாரும் அடித்ததில்லை. எல்லோரும் மாறும்வரை மற்ற பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை சார் வருவார். எல்லோரும் ஒரே பத்தியை எழுதுவார்கள், பெயரில்லாமல். அவர் தாள்களை வாங்கிச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து மேசைமேல் பரப்புவார். "அவங்கவங்க தாளை எடுத்துக்குங்க கண்ணுங்களா" என்பார். எந்தப் பிள்ளை தன் தாளைச் சரியாக எடுக்கிறதோ, அந்தப் பிள்ளை இன்னும் தேறவில்லை என்று பொருள். அதன் தோளைத் தட்டி, "பரவாயில்ல, அடுத்த மாசம் சரியாயிடும்" என்பார். பத்தாம் வகுப்பை அடைவதற்குள் எவருக்கும் தன் தாள் தெரியாது.

இதை ஏன் செய்கிறார் என்று நான் கேட்டதுண்டு. சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் படிச்ச ஸ்கூல்ல என் நோட்டைத் தூக்கிப் பிடிச்சு, 'பாத்தீங்களாடா, எழுத்தப் பாத்தாலே எந்தத் தெருன்னு தெரியுது'ன்னு வாத்தியார் சொன்னார், டீச்சர். கிளாஸே சிரிச்சுது. என் பிள்ளைங்க எழுத்தப் பாத்து யாரும் எந்தத் தெருன்னு சொல்லக் கூடாது."

நான் தலையசைத்துவிட்டு வந்தேன். எல்லோரும் ஒரேபோல் ஆக்கப்பட்ட கற்பனை நாடுகளைப் பற்றிய கதைகளை நான் இளமையிலிருந்தே விரும்பிப் படித்தவள். அங்கதம் எழுதுகிறவர்கள் அத்தகைய நாட்டுக்கு ஒரு கொடிய தலைவனைத் தருவார்கள். ஒற்றர்களையும் சிறைகளையும் தருவார்கள். படிக்கிறவருக்கு யாரை வெறுப்பது என்பது உடனே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் வெறுக்க ஒருவரும் இல்லை. அவமானப்பட்ட ஒரு நல்ல மனிதரும், எலுமிச்சை சாதமும்தான் இருந்தன. அதனால்தான் அங்கே எனக்கு ஏற்பட்ட அச்சத்துக்கு நெடுநாள் பெயர் வைக்க முடியவில்லை.

அச்சம் என்று சொல்வது மிகையல்ல. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும். விளையாட்டு நேரத்தில்கூட ஒரு தலையும் நிமிராது. மாலையில் வாசலில் நிற்கும் தாய்மார்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ஒரே பின்னல், ஒரே ரிப்பன், ஒரே நடை. வேறு பிள்ளையின் கையைப் பிடித்துவிடுவோமோ என்ற தயக்கம். பிள்ளை தானாக வந்து சேலையைத் தொடும்வரை நிற்பார்கள். ஒருநாள் ஒரு தாய் என்னிடம், "வூட்டுக்கு வந்தாலும் கொஞ்ச நேரம் சும்மாவே நின்னுகினு கீது மிஸ். யாருக்குக் காத்துகினு கீதோ தெரியல" என்று சிரித்தபடி சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, பத்தாம் வகுப்பில் நஸ்ரின் இருந்தாள். அவள் தந்தை தாம்பரம் சந்தைத் தெருவில் பைகளும் பெட்டிகளும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவளுக்குப் பக்கத்தில் முரளி. ஒரு காலத்தில் பயிர் வைத்து, பிறகு நிலத்தை மனைகளாக விற்ற கூடுவாஞ்சேரிக் குடும்பத்துப் பையன். வகுப்பில் இருவரையும் இவள் இன்னாள், இவன் இன்னான் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை. நூலக வேளையில் மட்டும், நான் படித்த அந்த விசித்திர நாட்டுக் கதைகளைச் சொல்லும்போது, நஸ்ரினின் உதடுகள் எனக்குக் கொஞ்சம் முன்னால் அசையும். அடுத்து வருவதை அவளே சொல்லிப் பார்ப்பதுபோல இருக்கும்.

பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று ஊரே பிரவுசிங் சென்டர்களில் நின்றது. எங்கள் பிள்ளைகள் எண்ணைத் தட்டியபோதெல்லாம் திரையில் ஒரே வரி வந்தது: முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. திருத்தும் முகாமில் எங்கள் கட்டைப் பிரித்தவர்கள், எல்லா விடைத்தாள்களையும் ஒரே ஆள் எழுதியிருப்பதாக அறிக்கை கொடுத்திருந்தார்கள். எழுத்து ஒன்று, சொற்களும் ஒன்று. கதை எழுதும் வினாவுக்குக்கூட எங்கள் பள்ளியில் ஒரே கதைதான். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் முதல் வரியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, வழியில் கிடந்த பணப்பையை உரியவரிடம் ஒப்படைத்த சிறுவனின் கதைக்குள் நுழைந்துவிடப் பழக்கியிருந்தோம்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் தாங்களே எழுதினார்கள் என்று நிரூபிக்காவிட்டால் தேர்வு ரத்து, ஓராண்டு போய்விடும். நஸ்ரினின் தந்தை என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"டீச்சரம்மா, ராத்திரி பகலா எம்பொண்ணு படிச்சத நான் பாத்துகினு இருந்தேன். கையை ஒடிச்சுகினு எழுதினது அது. இப்ப வேற யாரோ எழுதிட்டாங்கன்னா இன்னா நியாயம் இது? பேஜாரா கீதும்மா."

"விசாரணைக்கு வராங்க பாய். பிள்ளைங்களை எழுதச் சொல்லிப் பார்ப்பாங்க."

"எழுதச் சொல்லட்டும். அதான் எழுதுமே" என்று நிம்மதியோடு எழுந்து போனார். எழுதச் சொல்வதுதான் ஆபத்து என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

விசாரணைக்கு வந்த கல்வித்துறை அதிகாரி நடுவயதுப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். பத்தாம் வகுப்பு முழுவதையும் கூடத்தில் அமர்த்தியிருந்தோம். சார் சுவரோரம் நின்றார். அதிகாரி வெள்ளைத்தாள்களைக் கொடுத்து, கனிவாகவே பேசினார்.

"பயப்படாதீங்க. பரீட்சைக்கு எழுதற மாதிரி வேணாம். அம்மா மளிகை சாமான் சொன்னா எழுதிக்குவீங்கல்ல, அந்த மாதிரி கிறுக்குங்க."

பேனாக்கள் ஒன்றாகத் தாளைத் தொட்டன, ஒன்றாக நின்றன. அதிகாரி முரளியின் தாளை முதலில் எடுத்தார். கட்டை விரல் அகல ஓரம். கறுப்பு மையில் 'மளிகைப் பொருட்கள்' என்று தலைப்பு, கீழே கோடு. துவரம்பருப்பு, புளி, மிளகாய். அடுத்த தாளிலும் துவரம்பருப்பு, புளி, மிளகாய். அடுத்ததிலும்.

"என்ன சார் இது?" என்று சாரைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்கூலா, ஜெராக்ஸ் கடையா?"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி சற்றுத் தடுமாறி, தாம் கொண்டுவந்திருந்த கட்டைப் பிரித்தார். வெள்ளை நூலால் கட்டிய தமிழ் இரண்டாம் தாள் விடைத்தாள்களைப் பெயர்ப்பகுதி தெரியாமல் நீண்ட மேசையில் பரப்பினார். "சரி. உங்க பேப்பர் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்கவங்க வந்து எடுத்துக் காட்டுங்க."

ஒரு பிள்ளைகூட அசையவில்லை. மேசையைப் பார்த்த கண்கள் அத்தனையிலும் ஒரே அமைதி. தண்டவாளத்தில் மின்ரயில் ஒன்று வந்து, நின்று, போயிற்று. தன் தாளை எடுக்கும் பிள்ளை தேறாத பிள்ளை என்பதை நான்தான் அதிகாரியிடம் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் சர்வீஸ்ல காப்பி அடிச்ச பசங்களைப் பாத்திருக்கேன். ஆள் மாறாட்டம் பாத்திருக்கேன். இது எந்தக் கேஸ்ல வரும்னு எனக்குத் தெரியல டீச்சர்."

பிறகு ஒரு விடைத்தாளைத் தனியாக எடுத்தார். "இதுல மட்டும் கதை வேற மாதிரி இருக்கு. எழுத்து அதேதான். கேளுங்க."

அவர் வாசித்தார். ஓர் ஊரில் எல்லோருடைய நிழலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று விதி. அதனால் அந்த ஊர் மக்கள் உச்சி வெயிலில் மட்டும் வெளியே வருவார்கள்; நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும்போதே வேலைகளை முடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த ஊரில் மாலை என்ற நேரத்தைப் பார்த்தவர்களே இல்லை. ஒருநாள் ஒரு சிறுமி மாலையில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். அவள் நிழல் நீண்டு எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது. அளவு நாடாவோடு அதிகாரிகள் ஓடி வந்தார்கள். அந்த இடத்தில் கதை நின்றது. நேரம் முடிந்து தாளை வாங்கியிருக்க வேண்டும்.

சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

"இதை எழுதினது யாரு?"

மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்ததை நான் கண்டேன். கண்டேன் என்று நினைப்பதற்குள் அத்தனை கைகளும் எழுந்துவிட்டன.

"எல்லாருமா சேர்ந்தா எழுதினீங்க?"

"ஆமாம், மேடம்" என்றது வகுப்பு. ஒரே குரல்.

தோழியைக் காக்க எழுந்த கைகளா அவை? தனியாக ஒரு கை உயர்ந்தால் தாங்காமல் தாமாகவே எழுந்த கைகளா? இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு விடை தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது.

ஒவ்வொருவராக நூலக அறைக்கு அழைத்துக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். அதிகாரி ஒப்புக்கொண்டார். முதலில் முரளி வந்தான். "அதிகாரிங்க ஓடி வந்தாங்க. அப்புறம் கதையில என்ன ஆச்சு, சொல்லு" என்று அவர் கேட்டதும் அவன் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு இடப்பக்கம். அங்கே அலமாரிதான் இருந்தது. வெகு நேரம் கழித்து, "சிறுவன் பையை உரியவரிடம் ஒப்படைத்தான்" என்றான். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவனும்.

நஸ்ரின் வந்தாள். "சிறுவன் பையை..." என்று தொடங்கினாள். நின்றுவிட்டாள்.

அதிகாரி காத்திருந்தார்.

"சொன்னா என்ன ஆகும், மேடம்?"

"இது உன் பேப்பர்தான்னு நான் எழுதிக்கலாம். உன் ரிசல்ட் வந்துடும்."

"மத்தவங்களுது?"

"அது என் கையில இல்லம்மா. அவங்க பேப்பரை அவங்களுதுன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் மட்டும் தனியாவா?"

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்டுவிட்டு விடைக்கு வகுப்பை எதிர்பார்க்காமல் ஒரு குழந்தை என் முகத்தைப் பார்ப்பதை அந்தப் பள்ளியில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். தலையசைக்கவும் எனக்கு அச்சமாக இருந்தது. நான் அசைத்தால் அதுவும் இன்னொருவரைப் பார்த்து அவள் செய்ததாகிவிடும். கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை.

"நான்தான் எழுதினேன்" என்றாள் கடைசியில். குரல் கரகரப்பாக, சற்றுத் தடித்து இருந்தது. அவள் குரல் அப்படியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. "முடிவு எழுத டைம் இல்ல மேடம். அளக்க வந்தவர் டேப்பைப் பிடிச்சுகினு குனிவாரு. அப்போ அவரோட நிழல் பின்னாடி தெருக்கோடி வரைக்கும் கிடக்கும். அதை அவர் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் அவருக்கு அளக்கத் தோணல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

நஸ்ரினின் முடிவு மட்டும் சில நாட்களில் வெளியானது. நல்ல மதிப்பெண்கள். அரசுப் பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவள் தந்தை கடையில் இருந்ததிலேயே நல்ல கைப்பையாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். மற்றவர்களின் தேர்வு ரத்தாயிற்று. சிறப்புத் துணைத்தேர்வு எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மையத்தில் ஒருவர்தான் என்று உத்தரவு வந்தது.

சார் என்னை அறைக்கு அழைத்தார். நான் நுழைந்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார். கோபமில்லை. அழுதிருந்தார்.

"இத்தனை பேர்ல ஒருத்தியை மட்டும் மேல தூக்கிட்டு மத்தவங்களைக் கீழ போட்டுட்டாங்களே, டீச்சர். இது நடக்கக் கூடாதுன்னுதானே நான் இத்தனையும் செஞ்சேன்."

"அந்தப் பொண்ணு என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

"தப்புன்னு சொல்லல. அவளுக்கு நல்லா எழுத வருதுன்னு எனக்கு முன்னமே தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் பக்கத்துல முரளியை உட்கார வெச்சேன். அவன் மெதுவா வருவான். அவ காத்திருப்பான்னு."

அவர் சொன்னதில் கொடுமை இருந்தது; இரக்கமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க நான் படித்த எந்தக் கதையும் எனக்கு உதவவில்லை.

துணைத்தேர்வுக்குப் பிள்ளைகள் பல்லாவரம், சேலையூர், வண்டலூர், செங்கல்பட்டு என்று சிதறிப் போனார்கள். ஒவ்வொருவரும் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் எப்படியோ எழுதித் தேறினார்கள். முரளியின் மையத்துக்கு நான் அவனை அழைத்துச் சென்றிருந்தேன். தேர்வு முடிந்து வெளியே வந்தவன் முகத்தில் கலக்கமே இல்லை. எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"எழுதல மிஸ்."

"ஏண்டா? கஷ்டமா இருந்துதா?"

"இல்ல மிஸ், எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்."

"பின்ன ஏன் எழுதல?"

அவன் நான் புரிந்துகொள்ளாததைக் கண்டு வியந்தவன்போல என்னைப் பார்த்தான். "நம்ம பசங்க யாரும் ஆரம்பிக்கல மிஸ்" என்றான்.

அடுத்தடுத்த துணைத்தேர்வுகளுக்கும் அவனை அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் வெள்ளைத்தாளையே கொடுத்துவிட்டு வந்தான். பிறகு அவன் வீட்டார் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் சில ஆண்டுகளில் வேறு பள்ளிக்கு மாறி, அங்கிருந்து ஓய்வு பெற்றேன்.

சார் காலமாகிவிட்டார். என் மாமியாரும் கணவரும் இல்லை. பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. நஸ்ரின் வெளிநாட்டில் இருக்கிறாள்; அவ்வப்போது பேசுவாள். அந்தக் கரகரப்பான குரலை எந்தக் கூட்டத்திலும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள்; வழியில் எதிர்ப்பட்டால் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அந்த வகுப்பில் இங்கேயே எஞ்சியிருப்பவன் முரளி மட்டும்தான். தாம்பரத்தில் அவன் அண்ணனின் இரும்புச் சாமான் கடையில் நிற்கிறான். காலையில் நடந்து போகும்போது அவனைப் பார்ப்பேன். என்னைப் பார்த்தபடி நிற்பான். நான் வணக்கம் சொல்வேன். உடனே அவனும் சொல்வான்.